ஸாவோ வூகி: தைலவண்ணத்தைத் தண்ணீர் போல ஓடவிட்ட சீன ஓவியர் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

சீனத் தைலவண்ண ஓவியர்கள் என்று பேச்செடுத்தால் முதலில் வந்து நிற்கும் பெயர்களில் ஒன்று ஸாவோ வூகி. அவரைப் பற்றி ஒரே கதைதான் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது: சீன மை ஓவியத்தைக் கரைத்துக் குடித்த ஒருவர் பாரிஸுக்குப் போனார், அங்கே அதையே எண்ணெய் வண்ணத்தில் செய்து காட்டினார், கிழக்கும் மேற்கும் கைகுலுக்கின. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது கிட்டத்தட்ட தலைகீழ். அவருடைய வண்ணங்களைப் புரிந்துகொள்ள அந்தத் தலைகீழ்க் கதைதான் உதவும்.

யார் இவர்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1920இல் பெய்ஜிங்கில் பிறந்தார். குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் ஷாங்காய்க்கு வடக்கே உள்ள நான்டோங் நகருக்குக் குடிபெயர்ந்தது. அப்பா வங்கியாளர், வசதியான வீடு. 15 வயதில் ஹாங்ஜோ ஓவியக் கல்லூரி, 28 வயதில் பாரிஸ், 1964இல் பிரெஞ்சுக் குடியுரிமை, 2002இல் பிரான்ஸின் நுண்கலை அகாடமியில் உறுப்பினர் இடம். 2013 ஏப்ரல் 9 அன்று சுவிட்சர்லாந்தில் காலமானார். பாரிஸின் மோன்பர்னாஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம்.

சீனத்தில் இவரை ஜாவ் வூஜி என்பார்கள். பிரான்ஸில் பழைய எழுத்துமுறைப்படி பதிவான பெயர்தான் உலகம் முழுக்கப் பரவியது. இணையத்தில் இரண்டு பெயரிலும் தேடிப் பாருங்கள், கிடைக்கும் படங்கள் வேறு வேறாக இருக்கும்.

சீன மை ஓவியத்தை முறையாகக் கற்றவர்தானே?

கற்றுக்கொடுக்க ஆள் இருந்தார், கற்றுக்கொள்ள இவர் தயாராக இல்லை. வீட்டில் தாத்தா எழுத்துக்கலை சொல்லிக்கொடுத்தார். அதை விரும்பித்தான் செய்தார். ஆனால் கல்லூரியில் மரபு ஓவியப் பாடம் எடுத்தவர் பான் டியான்ஷோ. 20ஆம் நூற்றாண்டுச் சீன மை ஓவியத்தின் பெரிய பெயர்களில் ஒருவர். பழைய ஆசான்களின் படங்களைப் பார்த்துப் பிரதி எடுப்பதுதான் அந்த வகுப்பின் முறை. வூகிக்கு அது பிடிக்கவில்லை. வகுப்பிலிருந்து ஜன்னல் வழியாக நழுவிய கதை உண்டு. அதைவிடப் பிரபலமானது தேர்வுக் கதை: தாளில் கொழகொழவென்று மையைக் கொட்டி ஒரு கரும்பூச்சு பூசி, ‘ஸாவோ வூகி கல்லை வரைந்தான்’ என்ற பொருளில் பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆசிரியருக்குக் கோபம் வராதா? கல்லூரியை விட்டே அனுப்பச் சொன்னார். முதல்வர் லின் ஃபெங்மியான் குறுக்கே வந்து சமாதானம் செய்ததால் தப்பினார்.

ஆக, பாரிஸ் போகும்போது அவர் மை ஓவியர் அல்ல. மையை விட்டு ஓட நினைத்த தைலவண்ண ஓவியர். சீன ஓவியத்தில் மலை, மூங்கில், மூடுபனி எல்லாம் மனப்பாடமாகிவிட்டன, உயிர் போய்விட்டது என்பது அப்போதைய அவர் எண்ணம். தன்னை யாரும் ‘சீனப் பாணிச் சித்திரக்காரர்’ என்று பெட்டிக்குள் அடைத்துவிடக் கூடாது என்பதற்காகவே பல வருடங்கள் மையைத் தொடாமல் இருந்தார்.

அப்படியானால் தைலவண்ணத்தை எங்கே கற்றார்? அப்போது சீனாவில் அது இருந்ததா?

இருந்தது. 18ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியக் கிறிஸ்தவத் துறவி காஸ்டிலியோனே சீன அரசவையில் ஓவியராக இருந்தார். ஆனால் அது அரண்மனையோடு நின்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானுக்கும் பிரான்ஸுக்கும் படிக்கப் போய்த் திரும்பியவர்கள்தான் கல்லூரி கல்லூரியாக அதை வேரூன்றச் செய்தார்கள். அதில் இரண்டு போக்குகள். ஷூ பெய்ஹோங் பாரிஸில் கற்றுவந்தது கறாரான யதார்த்த பாணி: எலும்பும் சதையும் ஒளியும் நிழலும் சரியாக வர வேண்டும். லின் ஃபெங்மியானும் பாரிஸில் படித்தவர்தான், ஆனால் அவர் மனம் போனது நவீன பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் பக்கம். 1928இல் ஹாங்ஜோவில் மேற்கு ஏரிக்கரையில் தொடங்கிய கல்லூரிக்கு அவர்தான் முதல்வர்.

1935இல் வூகி அங்கே சேர்ந்தார். உடன் படித்தவர்களில் சூ டே-சுன், வூ குவான்ஜோங் இருவரும் பின்னாளில் பெரிய பெயர்கள் ஆனார்கள். பிளாஸ்டர் சிலைகளைப் பார்த்துக் கரிக்கோல் பயிற்சி, பிறகு உயிருள்ள மாடல், அப்புறம் தைலவண்ணம் என்று பாடத்திட்டம் முழுக்க ஐரோப்பிய வழக்கம். தைலவண்ண ஆசிரியர் வூ தாயூவும் பிரான்ஸ் போய் வந்தவர். ஆனால் செசான், மத்தீஸ், பிக்காஸோ ஆகியோரின் அசல் படம் ஒன்றைக்கூட மாணவர் வூகி பார்த்ததில்லை. பாரிஸ் போய் வந்த உறவினர் கொண்டுவந்த அஞ்சலட்டைகள், அமெரிக்கப் பத்திரிகைகளிலிருந்து வெட்டியெடுத்த படங்கள், இவைதான் அவருடைய அருங்காட்சியகம். நவீன ஓவியத்தின் வண்ணங்களை மோசமான அச்சு வழியே ஊகித்து வளர்ந்தவர் என்பது என்னை எப்போதும் யோசிக்க வைக்கும். அசலைப் பார்க்க அவருக்கு இருந்த வெறி அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

1937இல் ஜப்பான் படையெடுத்தது. கல்லூரியே மூட்டை கட்டிக்கொண்டு உள்நாட்டுக்கு நகர்ந்தது. வூகி படிப்பை முடித்து, அங்கேயே இளம் ஆசிரியராகி, 1941இல் சோங்சிங்கில் தன் முதல் தனிக் கண்காட்சியை வைத்தார்.

பாரிஸுக்குப் போனது எப்படி?

பிரெஞ்சுத் தூதரகத்தின் பண்பாட்டு அதிகாரி வாதிம் எலிஸேயெஃப் இவருடைய வேலையைப் பார்த்துவிட்டுப் பாரிஸ் போகச் சொன்னார். சில படங்களை அவரே எடுத்துச் சென்று 1946இல் பாரிஸின் செர்னுஸ்கி அருங்காட்சியகத்தில் காட்டினார். 1948 பிப்ரவரியில் மனைவி லாலானோடு ஷாங்காயில் கப்பலேறி, மார்செய் துறைமுகத்தில் இறங்கி, ஏப்ரல் 1 அன்று பாரிஸ் போய்ச் சேர்ந்தார். அன்று மதியமே லூவ்ர் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டார். இரண்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்புவதாகத்தான் திட்டம். 1949இல் சீனாவில் ஆட்சி மாறியது. அடுத்து அவர் ஊர் மண்ணை மிதித்தது 1972இல்.

லாலானைப் பற்றி ஒரு வார்த்தை. இசை பயின்றவர், நடனமும் கற்றவர், பின்னாளில் தானே ஓவியரானவர். 1957இல் இருவரும் பிரிந்தார்கள். ‘வூகியின் முதல் மனைவி’ என்ற அடைப்புக்குறிக்குள் அவரைப் போட்டுவிட்டுப் போவது நியாயமில்லை. அவருடைய படங்களையும் தேடிப் பாருங்கள்.

பாரிஸில் எப்படிக் கவனம் பெற்றார்?

ஒரு அச்சுக்கூடத்தில்தான் எல்லாம் தொடங்கியது. 1949இல் தெஜோபேர் என்ற கல்லச்சுப் பட்டறையில் முதன்முறையாக லித்தோகிராஃப் செய்யப் போனார். கல்லச்சு என்பது எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதை வைத்துச் செய்யும் வேலை. இவரோ மையில் தாராளமாகத் தண்ணீரைக் கலந்து கல்லில் பூசினார். இப்படிச் செய்தால் வராது என்று பட்டறைக்காரர் எச்சரித்தார். கேட்கவில்லை. அச்சு எடுத்துப் பார்த்தால், வந்திருந்தது! யாரும் எதிர்பாராத மெல்லிய சாயைகளோடு வந்திருந்தது.

அந்த எட்டு அச்சுப் படங்களைப் பார்த்த கவிஞர் ஆன்ரி மிஷோ, ஓவியரை நேரில் சந்திக்கும் முன்பே அவற்றுக்குக் கவிதை எழுதினார். மிஷோ வழியாகக் கலைக்கூட உரிமையாளர் பியேர் லோப் வந்தார். படங்கள் விற்கத் தொடங்கின. மிஷோவுடனான நட்பு கடைசிவரை நீடித்தது. இன்னொரு விதத்திலும் அது முக்கியமானது, பின்னால் வருகிறேன்.

உருவங்களை விட்டுவிட்டு அரூபத்துக்கு எப்போது திரும்பினார்?

1951இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் நவீன ஓவியர் பால் க்ளேயின் படங்களை அசலாகப் பார்த்தார். சின்னச் சின்னக் கோடுகள், குறிகள், ஒரு கற்பனை எழுத்து போல. க்ளேக்குச் சீனக் கவிதையில் ஈடுபாடு உண்டு. ஆக, சீனாவை விட்டு வந்தவர் ஒரு சுவிஸ் ஊரில், ஜெர்மன் மொழிக்காரர் ஒருவரின் படத்தில் மறுபடி சீனாவைப் பார்த்தார். அடுத்த இரண்டு வருடம் க்ளேயின் நிழலிலேயே கிடந்தார் என்றும் சொல்லலாம். கூரைகள், படகுகள், மரங்கள் எல்லாம் ஊசியால் கீறியதுபோல மெல்லிய கோடுகளில் இருக்கும். அழகானவைதான், ஆனால் கடன் வாங்கிய அழகு.

1954இல் ‘காற்று’ என்ற படத்தில் அது உடைந்தது. இப்போது பாரிஸின் போம்பிடூ மையத்தின் சேகரிப்பில் இருக்கிறது. நெட்டுக்குத்தான, இருண்ட பரப்பு. அதில் மேலிருந்து கீழாக மிதந்து வரும் எழுத்து மாதிரியான குறிகள். ஆமை ஓட்டிலும் மாட்டெலும்பிலும் பழங்காலச் சீனர்கள் பொறித்த எழுத்துகளையும் வெண்கலப் பாத்திர எழுத்துகளையும் நினைவூட்டும், ஆனால் படிக்க முடியாது. அவை எழுத்துகள் அல்ல. 1957 வரை இந்தக் குறிகள் வந்துகொண்டே இருந்தன. பிறகு அவையும் கரைந்துபோய், தூரிகை வீச்சு மட்டும் மிஞ்சியது.

அமெரிக்கப் பயணம் அவரை மாற்றியதா?

ஆமாம். 1957இல், மணவாழ்க்கை முறிந்த நேரத்தில், நியூ ஜெர்ஸியில் இருந்த தம்பியைப் பார்க்கப் போனார். நியூயார்க்கில் ஃப்ரான்ஸ் க்ளைன், பார்னெட் நியூமன், ஃபிலிப் கஸ்டன் போன்ற அரூப ஓவியர்களைச் சந்தித்தார். அவர்களுடைய வேகமும் கேன்வாஸின் அளவும் இவரைத் தொற்றிக்கொண்டன. திரும்பி வந்ததும் படங்கள் பெரிதாகின. நியூயார்க்கில் கூட்ஸ் கலைக்கூடம் தொடர்ந்து இவர் படங்களைக் காட்டியது. அந்தப் பயணம் ஜப்பான், ஹாங்காங் வரை நீண்டது. ஹாங்காங்கில் சந்தித்த நடிகை மே என்பவரை மணந்துகொண்டு பாரிஸ் திரும்பினார்.

1958 முதல் படங்களுக்குத் தலைப்பு வைப்பதையும் விட்டார். படம் முடிந்த தேதிதான் தலைப்பு: நாள், மாதம், வருடம். யாருக்காவது காணிக்கையாக்கிய படங்களுக்கு மட்டும் பெயர் சேரும். காற்று, கடல், மலை என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டால் பார்ப்பவர் அதைத்தான் தேடுவார், வண்ணத்தைப் பார்க்க மாட்டார். தேதியை வைத்து என்ன தேடுவது?

சரி, விஷயத்துக்கு வருவோம். அவருடைய வண்ண நுட்பம்தான் என்ன?

எந்த வண்ணத்துக்குப் பக்கத்தில் எந்த வண்ணத்தை வைத்தார் என்று தேடுவதை நிறுத்தினால் பாதி புரிந்துவிடும். அவருடைய ரகசியம் அடர்த்தியில் இருக்கிறது. ஒரே நீலத்தை ஒரு மூலையில் கண்ணாடி போல மெலிதாகவும் இன்னொரு இடத்தில் கத்தியால் அப்பியது போலக் கனமாகவும் வைக்கிறார். இரண்டும் இரண்டு வண்ணமாகத் தெரியும்.

மெலிதான பகுதிக்கு டர்பன்டைனைத் தாராளமாகக் கலந்து பெயின்டை நீர்க்க வைப்பார். அது கேன்வாஸில் பரவும், கசியும், ஓரத்தில் மங்கி மறையும். மை ஈரத்தாளில் செய்வதை எண்ணெய் வண்ணம் துணியில் செய்கிறது. அடியில் உள்ள வெள்ளைப் பூச்சு மேலே எட்டிப் பார்ப்பதால் அந்த இடங்களில் ஒளி உள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். வெள்ளையைக் கலந்து வெளிறச் செய்தால் இந்த ஒளி வராது, சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும். இதை வரைந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கனமான பகுதிக்கு அகலத் தூரிகை, பேலட் கத்தி. பெரும்பாலும் படத்தின் நடுவிலோ ஒரு பட்டையாகவோ கொந்தளிப்பு இருக்கும். அங்கே பெயின்ட் புடைத்து நிற்கும், ஈரத்தின் மேல் ஈரமாகக் கலந்திருக்கும், அதன் மேல் தூரிகைக் காம்பாலோ கூர்முனையாலோ கீறிய கோடுகள் ஓடும். முன்கூட்டியே பென்சிலால் வரைந்துகொண்டு நிரப்புவது கிடையாது. முதல் பூச்சு எங்கே போகிறதோ அதற்குப் பதில் சொல்வதுதான் இரண்டாம் பூச்சு.

இங்கே ஒரு பௌதிக விஷயமும் உண்டு. டர்பன்டைன் ஆவியாகிப் போய்விடும். பெயின்டில் உள்ள ஆளிவிதை எண்ணெய் போகாது, காற்றிலுள்ள ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டு மெல்ல இறுகும். அதனால் நீர்த்த இடம் காய்ந்ததும் மந்தமாக, பொடி பூசினாற்போல் ஆகும். எண்ணெய் அதிகமுள்ள இடம் பளபளக்கும். வூகியின் கேன்வாஸ் முன் நின்று இடமும் வலமும் நகர்ந்தால் மந்தமும் பளபளப்பும் மாறி மாறி வரும், தூரம் கூடுவது குறைவது போல ஒரு மயக்கம் ஏற்படும். கைபேசித் திரையில் இது சுத்தமாகக் காணாமல் போகிறது. அவருடைய படங்களை ‘அழகான மூடுபனி’ என்று கடந்துபோகிறவர்கள் பெரும்பாலும் திரையில் மட்டும் பார்த்தவர்கள் என்பது என் சந்தேகம்.

எந்தெந்தக் காலத்தில் எந்தெந்த வண்ணங்கள்?

தோராயமாகச் சொல்லலாம், கட்டம் போட்டுப் பிரிக்க முடியாது.

1950களின் நடுவில், குறிகள் வந்த காலத்தில், ஒரு படத்துக்குப் பெரும்பாலும் ஒரே ஆதார வண்ணம்தான். பழுப்பு, கருநீலம், துருச் சிவப்பு, சாம்பல் கலந்த பச்சை. பழைய வெண்கலத்தில் களிம்பேறினால் வரும் நிறங்கள் என்று எனக்குத் தோன்றும்.

1958 முதல் 1972 வரை புயல் காலம் என்பார்கள். வண்ணங்களின் எண்ணிக்கை கூடவில்லை, வேற்றுமை கூடியது. கருப்பு, பழுப்பு, காவி, நடுவில் வெட்டிக்கொண்டு வரும் வெள்ளை. கருப்பை நிழலாக அல்ல, ஒரு வண்ணமாகவே பயன்படுத்தினார். 1964இல் இசையமைப்பாளர் எட்கார் வரேஸுக்குக் காணிக்கையாக வரைந்த பெரிய படம் இந்தக் காலத்தின் உச்சம். வரேஸ் இவருடைய நண்பர். தட்டுக் கருவிகளின் பேரோசையைத் துணிந்து இசையாக்கியவர். அந்தப் படத்தையும் காதால் கேட்பதுபோலத்தான் பார்க்க வேண்டும். என் கணக்கில் வூகியின் ஆகச் சிறந்த பத்து வருடங்கள் இவைதான்.

1973க்குப் பிறகு கதவு திறக்கிறது. இளஞ்சிவப்பு, ஊதா, மயில்நீலம், எலுமிச்சை மஞ்சள், ஆரஞ்சு. நடுவில் இருந்த கொந்தளிப்பு ஓரங்களுக்குத் தள்ளப்படுகிறது, நடுப்பகுதி காலியாகிறது. 1986இல் மத்தீஸுக்குக் காணிக்கையாக்கிய படம் இதற்கு நேர் உதாரணம். மத்தீஸ் 1914இல் வரைந்த ‘கொலியூரின் ஜன்னல்’ படத்தில், திறந்த கதவுக்கு வெளியே கடலோ வெயிலோ இல்லாமல் வெறும் கருப்புப் பட்டைதான் இருக்கும். அந்தக் கருப்பை வூகி எடுத்துத் தன் வண்ணப் பட்டைகளுக்கு நடுவே நிறுத்தினார். 1991இல் பிரெஞ்சு ஓவியர் மோனேவுக்குக் காணிக்கையாக வரைந்த மூன்று பலகைப் படம் நீலமும் ஊதாவும். இது எல்லாருக்கும் பிடிக்கும். கடைசிக் காலப் படங்களில் சிலவற்றில் இனிப்பு கொஞ்சம் தூக்கல் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

படத்தில் வெறுமையாக விட்ட இடங்கள் உண்மையில் வெறுமைதானா?

இல்லை. அவை வெற்றுக் கேன்வாஸ் அல்ல, அங்கேயும் பல அடுக்கு மெலிந்த பூச்சு இருக்கிறது. நிறைந்த இடத்தைவிட வெறுமையான இடத்தை வரைவதுதான் கஷ்டம் என்று மாணவர்களிடம் சொல்லியிருக்கிறார்.

அப்போது மைக்கு எப்போதுதான் திரும்பினார்?

51 வயதில். மே நீண்ட நாள் மனநோயால் துன்பப்பட்டு வந்தார். வீட்டுக் கவலையில் பெரிய கேன்வாஸ்களில் வேலை செய்ய முடியாமல் வூகி திணறிய 1971இல், மையை எடுத்துப் பாருங்களேன் என்று தூண்டியவர் அதே மிஷோ. தாளும் மையும் சில நிமிட வேலை, பெரிய ஆயத்தம் வேண்டாம். கல்லூரியில் கரும்பூச்சு பூசித் தள்ளிவிட்டு வந்த விஷயத்தை, பிரெஞ்சுக் கவிஞர் ஒருவர் சொல்லி மறுபடி கையில் எடுத்தார்.

1972 மார்ச் 10 அன்று மே இறந்தார். அதற்குப் பிறகுதான் 24 வருடம் கழித்துச் சீனா போய் அம்மாவைப் பார்த்தார். செப்டம்பரில் மேயின் நினைவாக ஒரு படத்தை முடித்தார். 2 மீட்டர் உயரம், 5 மீட்டருக்கும் கூடுதலான நீளம். காவியும் பழுப்பும் விரிந்து கிடக்க, கருமை அதைக் கிழித்துக்கொண்டு போகும். தலைப்பில் இரண்டு தேதிகள் இருக்கின்றன: படம் முடிந்த தேதி, அடைப்புக்குறிக்குள் அவர் இறந்த தேதி. அதைப் பிரெஞ்சு அரசுக்கே கொடுத்துவிட்டார்.

கவனியுங்கள். தைலவண்ணத்தை நீர்க்கவிடும் பழக்கம் மைக்குத் திரும்பும் முன்பே அவரிடம் இருந்தது. கல்லச்சில் தண்ணீரைக் கலந்த கை அது. ஆனால் வெறுமையைத் துணிந்து நடுவில் வைப்பது 1972க்குப் பிறகே வலுக்கிறது. மை அவருக்குக் கொடுத்தது நுட்பத்தை அல்ல, அந்தத் துணிச்சலை என்றே நினைக்கிறேன்.

அமெரிக்க அரூப ஓவியர் ஜாக்சன் போலக் மாதிரி என்று சொல்லலாமா?

வேண்டாம். போலக் கேன்வாஸைத் தரையில் விரித்துப் பெயின்டைச் சொட்டவிட்டார். வூகி நிமிர்த்தி வைத்த கேன்வாஸில் தூரிகையால் வரைந்தவர். போலக் படத்தில் மையம் கிடையாது, எல்லா இடமும் ஒன்றுபோல. வூகியிடம் எப்போதும் முன், பின், தூரம், ஒளி உண்டு. அரூபம்தான், ஆனாலும் உள்ளே நடந்து போகலாம்.

சிங்கப்பூரில் தொங்கிய படம் ஏலத்தில் சாதனை படைத்ததாமே?

ஆமாம். கட்டடக் கலைஞர் ஐ. எம். பேய் இவருடைய நெருங்கிய நண்பர். சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் சிட்டி கட்டடத்தை வடிவமைத்தபோது அதற்காக ஒரு படம் கேட்டார். மூன்று பலகைகள், மொத்தம் 10 மீட்டர் நீளம், 2.8 மீட்டர் உயரம். வூகி வரைந்ததிலேயே பெரிய தைலவண்ணப் படம். 1985 ஜூனில் தொடங்கி அக்டோபரில் முடித்ததால் ‘ஜூன்-அக்டோபர் 1985’ என்பதே பெயர். கடைக்கும் அலுவலகத்துக்கும் அவசரமாகப் போன எத்தனையோ பேர் அதன் கீழே நடந்திருப்பார்கள்.

2005இல் அது கைமாறியபோது விலை சுமார் 23 லட்சம் அமெரிக்க டாலர். 2018 செப்டம்பரில் ஹாங்காங் சோதபீஸ் ஏலத்தில் 51 கோடி ஹாங்காங் டாலர், அதாவது சுமார் 6.5 கோடி அமெரிக்க டாலர். 13 வருடத்தில் படத்தின் ஒரு சொட்டு வண்ணமும் மாறவில்லை. மாறியது சீன வாங்குபவர்களின் பணமும், வெளியே போன தங்கள் ஓவியர்களைத் திரும்பச் சொந்தம் கொண்டாடும் மனமும். ஏலத் தொகையை வைத்து ஓவியரை அளக்க வேண்டாம் என்று சொல்லலாம்தான். ஆனால் இந்தச் செய்தி வந்த பிறகுதான் பலர் அவர் பெயரையே கேள்விப்பட்டார்கள்.

சீனா அவரை எப்படி ஏற்றுக்கொண்டது?

தாமதமாக. 1950களில் சோவியத் ஓவியர் மக்சிமோவ் பெய்ஜிங் வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார். பல வருடங்களுக்குச் சீனக் கல்லூரிகளில் தைலவண்ணம் என்றால் அந்த பாணிதான். அரூப ஓவியத்துக்கு இடமே இல்லை. 1983இல்தான் பெய்ஜிங்கிலும் ஹாங்ஜோவிலும் வூகியின் கண்காட்சி நடந்தது.

1985இல் ஹாங்ஜோவில், தான் படித்த கல்லூரியிலேயே, ஒரு மாதம் வகுப்பு எடுத்தார். பல ஊர்களிலிருந்து இளம் ஆசிரியர்கள் மாணவர்களாக வந்திருந்தார்கள். எல்லாரும் மாடலை நடுவில் உட்காரவைத்து மூக்கு, கை, கால் என்று பாகம் பாகமாக வரைந்தார்கள், பின்புலத்தைக் கடைசியில் ஒரு பழுப்புப் பூச்சால் நிரப்பினார்கள். அவர் அதைத்தான் உடைத்தார். உருவத்தையும் பின்புலத்தையும் ஒரே நேரத்தில் பாருங்கள், இரண்டும் ஒன்று என்றார். கெட்டுப்போகுமோ என்று பயப்படாதீர்கள் என்றார். அவர் அரூபம் கற்றுக்கொடுக்கவில்லை, பார்க்கக் கற்றுக்கொடுத்தார். அந்த வகுப்புப் பேச்சுகள் சீனத்தில் நூலாகவும் வந்திருக்கின்றன. 2023இல் அதே கல்லூரியின் அருங்காட்சியகத்தில் அவருக்குப் பெரிய நினைவுக் கண்காட்சி நடந்தது.

நானும் ஆயில் பெயின்டில் இப்படி முயன்று பார்க்கலாமா?

தாராளமாக. சில விஷயங்களை மட்டும் கவனியுங்கள்.

முதல் அடுக்குக்கு மட்டும் டர்பன்டைனை அதிகம் கலக்குங்கள். மேலே போகப் போக எண்ணெய் கூட வேண்டும், இது தைலவண்ணத்தின் பழைய விதி. எண்ணெய் அதிகமுள்ள பூச்சின் மேல் நீர்த்த பூச்சு போட்டால் பின்னால் வெடிப்பு விழும். அடியோடு நீர்த்துவிட்டாலும் ஆபத்து, நிறமியைப் பிடித்து வைக்க எண்ணெய் போதாமல் விரல் பட்டாலே பொடியாக வரும். கேன்வாஸுக்கு நல்ல பிரைமர் (அடிப்பூச்சு) அடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் எண்ணெயைத் துணி குடித்து நாளடைவில் இற்றுப்போகும். வண்ணங்களை மூன்றுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நீலம், ஒரு காவி, ஒரு கருப்பு போதும். வெள்ளை டியூபைக் கண்ணில் படாமல் வையுங்கள், வெளிச்சம் வேண்டிய இடத்தில் துணியால் துடைத்து எடுத்துப் பழகுங்கள்.

டர்பன்டைன் நெடி தலைவலி தரும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். நனைந்த துணிகளைக் கசக்கி ஒரு மூலையில் குவிக்காதீர்கள். ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயப் போடுங்கள்.

அசலை எங்கே பார்க்கலாம்?

பாரிஸில் போம்பிடூ மையத்தின் சேகரிப்பிலும் (அதன் கட்டடம் 2025இல் புதுப்பிப்புக்காக மூடப்பட்டது) நகர நவீன கலை அருங்காட்சியகத்திலும் முக்கியமான படங்கள் உண்டு. நியூயார்க் குகென்ஹைமில் 1957இன் ‘மிஸ்ட்ரல்’ இருக்கிறது. வரேஸ் படம் சுவிட்சர்லாந்தின் லோசானில். எந்தப் படம் எப்போது சுவரில் இருக்கும், எப்போது கிடங்குக்குப் போகும் என்பது மாறிக்கொண்டே இருப்பதால், கிளம்பும் முன் அருங்காட்சியகத்தின் தளத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். பிரான்ஸில் தூர் நகருக்குப் பக்கத்தில் செயின் கோம் என்ற பழைய மடாலயம் இருக்கிறது. அங்கே சாப்பாட்டுக் கூடத்து ஜன்னல்களுக்கு அவர் வடிவமைத்த கண்ணாடி ஓவியங்கள் 2010இல் பொருத்தப்பட்டன. பயணிகள் பட்டியலில் அதிகம் வராத இடம். மெலிந்த வண்ணத்தின் ஊடே ஒளி வர வேண்டும் என்று டர்பன்டைனோடு மல்லுக்கட்டியவருக்கு அங்கே வெயிலே அந்த வேலையைச் செய்து கொடுக்கிறது. பகல் வெளிச்சம் நன்றாக இருக்கும் நேரத்தில் போனால் நல்லது.